கேஸ் இறங்காமல் தக்கை அடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுவது எப்படி என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. பழம் பார்த்து எடுப்பது, பாத்திரத்தைச் சுத்தம் செய்வது, ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் எழுப்பி விடுவது என்று எல்லாவற்றையும் பொறுப்பாகவே எழுதியிருந்தார்கள். கடைசிக்கு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குமிழி நின்றதும் பாட்டிலில் ஊற்றி இறுக மூடவும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கூடவே ஒரு குறிப்பு வேறு: பாட்டிலுக்குள் கேஸ் சேர்ந்தால் மூடியை அவ்வப்போது தளர்த்தி விட்டால் போதுமாம்.

கிட்டத்தட்ட இதே யோசனையை நம்பித்தான் நானும் ஒருகாலத்தில் ஒரு அலமாரியைப் பாழாக்கினேன். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்த்தவன். எந்த வீட்டுப் படி ஏறினாலும் முதலில் காதில் விழுவது 'கேஸ் இறங்கிடுச்சான்னு பாருங்க' என்பதுதான். கேஸ் ஏற்றியே பிழைத்தவன், வேலையை விட்ட பிறகு பொழுதுபோக்காக ஒயின் போட ஆரம்பித்தேன். அதிலிருந்து கேஸை இறக்கத் தெரியாமல் அடுத்தடுத்து மூன்று முறை தோற்றேன். என் மனைவி இதை இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

முதல் முறை நடந்தது இது. 20 லிட்டர் கண்ணாடி ஜாடியில் போட்டேன். ஒன்றரை மாதத்தில் ஏர்லாக்கில், அதாவது கேஸை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத நீரடைப்பு மூடியில், குமிழி நின்றது. ஒயின் அடங்கிவிட்டது என்று நினைத்து, நல்ல குளிரான ஒரு நாளில் 24 பாட்டில் நிரப்பினேன். நிறைய வரட்டும் என்ற ஆசையில் கழுத்து வரைக்கும் ஊற்றி, தக்கைக்குக் கீழே விரல் அகலம்கூட இடம் விடாமல் அடித்தேன். மூன்று வாரம் கழித்து வெயில் ஏறியது. ஒரு ராத்திரி ஸ்டோர் அறையில் 'டப்' என்று சத்தம். பூனை எதையோ தட்டிவிட்டது என்று மனைவி திரும்பிப் படுத்தாள். இரண்டாவது 'டப்' வந்ததும் எழுந்து போய் விளக்கைப் போட்டேன். இரண்டு தக்கைகள் தரையில் கிடந்தன. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒயின் வழிந்து கீழ்த்தட்டுத் துணிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாட்டில்களில் ஏழெட்டுத் தக்கைகள் பாதி தூரம் மேலே ஏறி நின்றன, எட்டிப் பார்ப்பதுபோல.

எல்லோரும் நினைப்பதையே நானும் நினைத்தேன்: சர்க்கரை மிச்சம் இருந்திருக்கும், பாட்டிலுக்குள் மறுபடி புளித்துப் பொங்கியிருக்கும் என்று. ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்க விடவில்லை. ஒரு பாட்டிலைத் திறந்து ஹைட்ரோமீட்டரை இறக்கினேன். ஒயினின் அடர்த்தியைக் காட்டும் மிதவை அது; தண்ணீருக்கு 1.000, சர்க்கரை குறையக் குறைய எண்ணும் இறங்கும். 0.996 காட்டியது. அடைத்த அன்று நோட்டில் எழுதி வைத்திருந்ததும் 0.996 தான். சர்க்கரை ஒரு சிட்டிகை குறையவில்லை. அப்படியானால் உள்ளே புதிதாக எதுவும் புளிக்கவில்லை. தக்கையைத் தள்ளியது முன்பே ஒயினுக்குள் கரைந்து கிடந்த கேஸ்.

இங்கேதான் கட்டுரை எழுதியவர் சறுக்கியிருக்கிறார். பாட்டிலில் கேஸ் என்றால் ஏதோ ஒரே வியாதி என்பதுபோல எழுதிவிட்டார். அது இரண்டு வியாதி. ஒன்று, புளிப்பு முடிந்த பிறகும் ஒயினை விட்டு வெளியேறாத பழைய கேஸ். இன்னொன்று, புளிப்பு முடியாமலே அடைத்ததால் பாட்டிலுக்குள் புதிதாகப் பிறக்கும் கேஸ். முதலாவதற்குக் கலக்கிவிட்டால் தீரும், அல்லது காத்திருந்தால் தீரும். இரண்டாவதை நாள் முழுக்கக் கலக்கினாலும் தீராது. கலக்கக் கலக்க ஈஸ்ட் இன்னும் உற்சாகமாகத் தின்னும்.

கேஸ் எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடுகிறது. எவ்வளவு விடுகிறது என்று கணக்குப் போட்டபோதுதான் எனக்கு வாய் பிளந்தது. ஒரு கிலோ சர்க்கரை முழுசாகப் புளித்தால் ஏறக்குறைய அரைக் கிலோ ஆல்கஹால், அரைக் கிலோ கேஸ். அந்த அரைக் கிலோவை வெளியே விட்டால் 250 லிட்டர் இடத்தை அடைக்கும். நல்ல பெரிய ஃபிரிட்ஜ் ஒன்றின் உள்ளளவு அது. பெரும்பகுதி ஏர்லாக் வழியாகப் போய்விடுகிறது. ஆனால் ஒயின் தன்னால் தாங்க முடிந்த அளவைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை விடும்.

எவ்வளவு தாங்கும் என்பது குளிரைப் பொறுத்தது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் 3.3 கிராம் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும். 20 டிகிரியில் 1.7 கிராம், 30 டிகிரியில் சுமார் 1.25 கிராம். ஒயினில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் போக்கு இதுதான். நான் குளிரான நாளில் அடைத்த ஒயின் தன் கொள்ளளவு முழுக்க கேஸைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. வெயில் வந்ததும் அவ்வளவையும் பிடித்து வைக்க முடியாமல் கக்கியது. போதாததற்கு ஒயினும் சூட்டில் விரிந்தது, மேலே இடமோ நான் விடவில்லை. தக்கை வேறு என்ன செய்யும்? வெயிலில் சோடா பாட்டிலை வைத்துத் திறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அழுத்தம் கூடினால் கரையும் கேஸும் அதே விகிதத்தில் கூடும் என்று வில்லியம் ஹென்றி 1803-லேயே சொல்லிவிட்டார். அவருக்கு முன்னால் ஜோசஃப் பிரீஸ்ட்லி, தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பீர் ஆலையின் தொட்டிகளுக்கு மேல் தேங்கி நின்ற கேஸைப் பார்த்துத்தான் தண்ணீரில் அதை ஏற்றும் வழியைக் கண்டுபிடித்து 1772-ல் எழுதி வெளியிட்டார். புளிப்புத் தொட்டியின் கேஸில் இருந்துதான் சோடாவே பிறந்தது. நாமோ அதைத் திருப்பி எடுக்க மல்லுக்கட்டுகிறோம்.

சரி, ஏர்லாக்கில் குமிழி நின்றது எதைக் காட்டுகிறது? கேஸ் வெளியேறும் வேகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்பதை மட்டும்தான். ஒயினில் கேஸ் இல்லை என்று அது சொல்லவில்லை, புளிப்பு முடிந்தது என்றும் சொல்லவில்லை. மூடி சரியாக உட்காராமல் வேறு பக்கம் கசிந்தாலும் குமிழி நிற்கும். எங்கள் தொழிலில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்போமே, அப்படிப் பார்த்தால் தெரியும். நேர் எதிராகவும் நடக்கும். புளிப்பெல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆன ஜாடி, பகல் சூடு ஏறும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு குமிழி விடும். ஐயோ இன்னும் முடியவில்லையே என்று சிலர் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அது வெறும் பழைய கேஸ்.

ஆகவே முதலில் ஹைட்ரோமீட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை பார்க்க வேண்டும். மூன்று முறையும் ஒரே எண், அதுவும் 1.000-க்குக் கீழே, 0.990-க்கும் 0.998-க்கும் இடையில் நின்றால் இனிப்பில்லாத ஒயின் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கேஸ் நிறைந்த ஒயினில் ஹைட்ரோமீட்டரை இறக்கினால் அதன் தண்டிலும் குமிழிலும் பொடிப்பொடியாக முத்துக்கள் ஒட்டிக்கொள்ளும். அவை அதைத் தூக்கிப் பிடித்து, சர்க்கரை இன்னும் இருப்பதுபோலப் பொய் சொல்லும். இரண்டு விரலால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் படிக்க வேண்டும். ஒயினில் அமிலம் எவ்வளவு என்று அளக்க, அதை முறிக்கும் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பவர்களும், அளக்கிற ஒயினை முதலில் லேசாகச் சுட வைத்து கேஸை விரட்டிவிட வேண்டும். கரைந்த கேஸும் ஒரு அமிலம்தான், கணக்கில் அதுவும் ஏறிக்கொள்ளும்.

அப்புறம் கேஸ் இருக்கிறதா என்ற சோதனை. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கட்டைவிரல் போதும். சுத்தமான சின்னப் பாட்டில் ஒன்றில் பாதி அளவு ஒயினை எடுங்கள். வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி, பத்துப் பதினைந்து முறை நன்றாகக் குலுக்குங்கள். கேஸ் இருந்தால் விரலை உள்ளேயிருந்து யாரோ தள்ளுவது போலிருக்கும். விரலை ஓரமாக ஒரு நூல் அளவு விலக்கினால் 'ப்ஸ்ஸ்' என்று ஒரு சீறல், பின்னாலேயே விரல் நகத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு நுரை. மறுபடி மூடிக் குலுக்குங்கள். நான்காவது ஐந்தாவது தடவையும் சீறினால் கேஸ் ஏராளம். முதல் தடவையே மெல்லிய ஒரு மூச்சோடு நின்றால் வேலை முடியப்போகிறது. குலுக்கிய அந்த ஒயினைத் திரும்ப ஜாடியில் ஊற்றாமல் நாக்கில் வைத்துப் பாருங்கள். குலுக்காத ஒயினையும் ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். நுனி நாக்கில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு சுருக்கு, கூடவே தேவையில்லாத ஒரு புளிப்பு. பழத்தின் வாசனை அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். சிவப்பு ஒயினில் துவர்ப்பும் முரட்டுத்தனமாகத் தெரியும். என் ஒயின் மோசம் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்த ஒரு ஜாடி, கேஸ் இறங்கியதும் வேறு ஆளாக மாறியதை இந்த நாக்கு பார்த்திருக்கிறது.

இரண்டாவது முறை என்ன ஆனது என்று சொல்லவில்லையே. கேஸை எடுத்தே தீருவது என்று டிரில் மெஷினில் மாட்டும் கலக்குத் தண்டு ஒன்று வாங்கினேன். ஜாடியின் குறுகிய வாய்க்குள் மடங்கிப் போய், சுற்றும்போது விரியும் இரண்டு இறக்கைகள் அதில் இருந்தன. தண்டை விடுவதற்கு முன்னால், எப்படியும் கலக்கத்தானே போகிறோம் என்று ஒயினைக் காக்கும் மெட்டாபைசல்பைட் பொடியைத் தூவினேன். தூவிய கையை எடுக்கவில்லை, ஜாடி சீறி எழுந்தது. பொங்கி வழிந்தது என்று சொன்னால் போதாது, நீரூற்றுபோல எகிறி என் சட்டையையும் சுவரையும் நனைத்துவிட்டு, மூன்று லிட்டரைத் தரையில் பரப்பிவிட்டுத்தான் அடங்கியது. சோடாவில் உப்பைப் போட்டால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் பார்த்தவன்தான், அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. கேஸ் வெளியே வர ஒரு பிடிமானம் தேடிக்கொண்டிருக்கிறது. பொடியின் ஒவ்வொரு துகளும் அதற்கு ஒரு படிக்கட்டு. ஆகையால் முதலில் கேஸை இறக்கிவிட்டுத்தான் எந்தப் பொடியையும் சேர்க்க வேண்டும், அதையும் ஒரு கரண்டி ஒயினிலோ நீரிலோ கரைத்துச் சேர்க்க வேண்டும்.

தெளிவிக்கிற பொருள்களுக்கும் இதே வரிசைதான். கேஸ் இருக்கும் வரைக்கும் பொடிக் குமிழிகள் வண்டலைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும். என்ன போட்டாலும் ஒயின் தெளியாது, போட்டவர் பொருளைக் குறை சொல்வார்.

மூன்றாவது முறை அவசரப்பட்டேன். டிரில்லை முழு வேகத்தில் விட்டேன். ஒயினின் நடுவில் அழகான ஒரு சுழல் விழுந்தது, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல அடி வரைக்கும் தெரிந்தது. அரை மணி நேரம் அதை ரசித்தபடி ஓட்டினேன். கேஸ் போனது உண்மை. ஆனால் அந்தச் சுழல் வழியாக அரை மணி நேரமும் காற்றை அல்லவா உள்ளே இறக்கியிருக்கிறேன். இரண்டு மாதத்தில் நிறம் பழுப்பேறியது, நறுக்கி மறந்துபோன ஆப்பிள் வாசனை வந்தது. ஒயினுக்குக் கேஸ் தொல்லை, ஆக்சிஜன் எமன். கட்டுரையில் சொன்ன மூடியைத் தளர்த்தும் யோசனையை நான் எதிர்ப்பதும் இதனால்தான். ஒவ்வொரு தடவை தளர்த்தும்போதும் கொஞ்சம் கேஸ் போகும், கொஞ்சம் காற்று நுழையும். பாட்டிலுக்குள் இருக்கும் பெரும்பகுதி கேஸ் மேலே உள்ள காலி இடத்தில் இல்லை, ஒயினுக்குள் கரைந்து கிடக்கிறது. மூடியைத் திறந்து மூடுவதால் அது போகாது. நாளடைவில் மிஞ்சப் போவது காடி.

இப்போது நான் செய்வது இப்படி. ஒயின் 20 முதல் 24 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த ஒயினைக் கலக்குவது வீண் வேலை, அது கேஸை விடாது. முதலில் அடி வண்டலை விட்டுத் தெளிந்ததை வேறு ஜாடிக்குக் குழாய் வழியாக மாற்றுவேன். இந்த மாற்றலிலேயே கொஞ்சம் கேஸ் போகும். ஜாடி கழுத்து வரை நிறைந்திருந்தால் ஒன்றிரண்டு லிட்டரை வெளியே எடுத்து வைப்பேன், நுரைக்கு இடம் வேண்டுமே. கலக்குத் தண்டின் இறக்கை ஒயினின் மேற்பரப்புக்கு நன்றாகக் கீழே, ஜாடியின் பாதி ஆழத்தில் இருக்கும். முதல் சுற்று விரல் லேசாக அழுத்திய மெதுவான வேகத்தில் மூன்றே விநாடி. நுரை ஏறுகிறதா என்று பார்ப்பேன். அடங்கியதும் பத்து விநாடி. பிறகு அரை நிமிடம் ஒரு பக்கம், நிறுத்தி, அரை நிமிடம் எதிர்ப்பக்கம். திசையை மாற்றும்போது சுழல் உடைந்து ஒயின் தன் மேலேயே மோதிக்கொள்ளும், அந்த நேரத்தில்தான் கேஸ் பொலபொலவென்று வெளியே வரும். நடுவில் குழி விழ ஆரம்பித்தால் வேகம் அதிகம் என்று பொருள். மொத்தமே ஐந்தாறு நிமிடம். பிறகு ஏர்லாக்கைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பேன். சாயங்காலம் மறுபடி. இப்படி இரண்டு மூன்று நாள்.

டிரில் இல்லாதவர்கள் நீளமான கரண்டிக் காம்பால் செய்யலாம். கை வலிக்கும், அவ்வளவுதான். பெயின்ட் கலக்கும் தண்டை மட்டும் எடுக்காதீர்கள். அதன் பூச்சு உரிந்து ஒயினில் கலக்கும், அமிலத்தில் துருவும் பிடிக்கும்.

நுரை சொல்லும் சேதியைக் கவனித்தால் போதும், எப்போது நிறுத்துவது என்பது தெரிந்துவிடும். முதல் நாள் நுரை பால் பொங்குவதுபோல நெருக்கமாக, வெள்ளையாக ஏறும், அடங்க நேரம் எடுக்கும். இரண்டாம் நாள் குமிழிகள் பெரிதாகும். கடைசியில் கலக்கி நிறுத்தினால் பெரிய பெரிய நாலைந்து குமிழி வந்து சட்டென்று உடைந்துவிடும். அது நாம் கிளப்பிய காற்றுதான். அதற்கு மேல் கலக்கினால் நஷ்டம் நமக்கு. உடனே மெட்டாபைசல்பைட்டைக் கரைத்துச் சேர்த்து, எடுத்து வைத்ததைத் திரும்ப ஊற்றி, ஜாடியை நிரப்பி மூடிவிடுவேன். 20 லிட்டருக்கு 2 கிராமுக்குள்ளேயே போதும். எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் போடுங்கள், கண்ணளவு வேண்டாம். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இந்தப் பொருள் ஒத்துக்கொள்ளாது, குடிக்கக் கொடுக்கும்போது சொல்லிவிடுவது நல்லது.

என் பழைய தொழிலைத் தெரிந்தவர்கள் 'உங்ககிட்ட வேக்கம் பம்ப் இருக்கே, அதை மாட்டி உறிஞ்சிட்டாப் போச்சு' என்பார்கள். வேக்கம், அதாவது வெற்றிடம், நல்ல வழிதான், காற்றே படாமல் கேஸ் எடுக்க அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் ஏசி வேலைக்கான பம்ப் அதற்கு உதவாது. குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஈரத்தை எடுக்கத்தான் நாங்கள் வேக்கம் போடுகிறோம். அறையின் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும் அளவுக்கு அது இழுக்கும். ஒயினில் மாட்டினால் முதலில் போவது வாசனை, அடுத்தது ஆல்கஹால். பம்புக்குள் இருக்கும் எண்ணெயின் நாற்றம் வேறு. கையால் இழுக்கும் சின்ன பம்ப் போதும். வேக்கத்தைக் காட்டும் கேஜில் 20 அங்குலத்தை (பாதரசக் கணக்கு) தாண்ட வேண்டியதில்லை. முழு வேக்கம் என்பதே 30 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவுதான் என்பதை நினைவில் வையுங்கள். அந்த 20 அங்குலத்திலேயே ஜாடியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் வெளிக்காற்று ஏறக்குறைய 700 கிராம் எடையை ஏற்றி அழுத்தும். பிளாஸ்டிக் ஜாடி சப்பிப் போகும். தட்டையான பக்கங்கள் உள்ள கண்ணாடியோ, மயிரிழை விரிசல் உள்ள கண்ணாடியோ உள்வாங்கி நொறுங்கும். உருண்டையான, கனமான, கீறல் இல்லாத ஜாடி மட்டும்தான் இதற்கு. அதையும் தடித்த துணியால் சுற்றிவிட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் நான் பம்பைத் தொடுவேன்.

இதெல்லாம் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு: பொறுமை. ஜாடியிலேயே ஆறு மாதம், ஒரு வருடம் வைத்து, இரண்டு மூன்று முறை வண்டல் பிரித்து மாற்றினால் கேஸ் தானாகவே இறங்கிவிடும். மனிதர்கள் பல நூறு வருடமாக அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்கள். ஆறு வாரத்தில் பாட்டில் என்று அவசரப்படுகிறவர்களுக்குத்தான் கலக்குத் தண்டு. கேஸை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்பதும் கிடையாது. வெள்ளை ஒயினில் லிட்டருக்கு ஒரு கிராமை ஒட்டி இருந்தால் ஒரு துடிப்பு இருக்கும், இல்லாவிட்டால் சப்பென்று போகும். சிவப்புக்கு அதில் பாதி போதும். என் நாக்கு அப்படித்தான் சொல்கிறது.

இரண்டாவது வியாதியையும் சொல்லிவிடுகிறேன், ஆபத்து அதில்தான் அதிகம். இனிப்பு வேண்டும் என்று சர்க்கரை சேர்த்து அப்படியே அடைக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஈஸ்ட் அதை விடாது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை பாட்டிலுக்குள் புளித்தாலே கிட்டத்தட்ட ஒரு மடங்கு காற்றழுத்தம் கூடும். ஷாம்பெயின்காரர்கள் வேண்டுமென்றே லிட்டருக்கு 24 கிராம் போட்டு ஆறு மடங்கு அழுத்தம் ஏற்றுகிறார்கள். கார் டயரில் இருப்பதைப் போல மூன்று பங்கு அது. அதற்கென்றே தடித்த பாட்டில் வைத்திருக்கிறார்கள், தக்கையைக் கம்பியால் கட்டுகிறார்கள். சாதாரண ஒயின் பாட்டில் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதே கிடையாது. தக்கை நழுவினால் துணி நனைவதோடு போகும். திருகு மூடி நழுவாது, பாட்டில்தான் வெடிக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் வெடித்திருக்கிறது. நல்லவேளை, அறையில் யாரும் இல்லை. இனிப்பு வேண்டுமென்றால் புளிப்பு முடிந்து, தெளிந்து, கேஸும் இறங்கிய பிறகு பொட்டாசியம் சார்பேட்டையும் மெட்டாபைசல்பைட்டையும் சேர்த்துவிட்டுத்தான் சர்க்கரை. சார்பேட் ஈஸ்ட்டைப் பெருக விடாது, ஓடிக்கொண்டிருக்கும் புளிப்பை அது நிறுத்தாது. இதைத் தெரியாமல் பாதியில் போட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். இன்னொரு கேஸ்காரரும் உண்டு, பாக்டீரியா. ஒயினில் உள்ள மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும்போது அதுவும் கேஸ் விடும். ஹைட்ரோமீட்டரில் இது பெரிதாகத் தெரியாது. மெட்டாபைசல்பைட் சரியாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் தலைகாட்டாது.

கலக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரியமில வாயு காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், ஏசி கேஸ் மாதிரியே தரையோடு தேங்கும். ஒரு ஜாடியால் ஒன்றும் ஆகாது, அடைத்த சின்ன அறையில் நாலைந்து ஜாடி பொங்கும்போது அதற்குள் குனிந்து வேலை செய்யக் கூடாது.

அடைக்கும்போது தக்கைக்குக் கீழே ஒரு விரல் அகலம் இடம் விடுங்கள். அடைத்த பாட்டில்களை மூன்று நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு, தக்கை நகரவில்லை என்று பார்த்த பிறகு படுக்க வையுங்கள்.

அடுத்த இணைப்பில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது போட்டுத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சமையலறையில் ஒட்டியவர்கள் இருப்பார்கள், என் மனைவியின் தங்கையே ஒருத்தி. அவளிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன். 'பேப்பர்ல போட்டிருக்காங்களே மாமா' என்கிறாள்.

என் ஸ்டோர் அறையில் இப்போது ஒரு ஜாடி இருக்கிறது. ஹைட்ரோமீட்டர் மூன்று முறையும் 0.994. இன்று காலை மூன்றாம் நாள் கலக்கல் முடிந்து கட்டைவிரல் வைத்துப் பார்த்தேன். இன்னும் மெதுவாகச் சீறுகிறது. தக்கைப் பையைப் பிரிக்காமல் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஏசி மெக்கானிக்